என் கெண்டைக்கால் செய்த பிரதட்சணம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது. கரண்ட் போனதும் கடிகாரத்தைப் பார்ப்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டும்போது நேரம் சொல்லித் திட்டினால்தான் கொஞ்சமாவது மரியாதை கிடைக்கும்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் சிறிய தறி ஷெட் ஒன்று வைத்திருக்கிறேன். தறிகள் ஓடும்போது ஷெட்டில் அதிராத பொருள் கிடையாது. தரை, நாற்காலி, டீ டம்ளர், என் கடைவாய்ப் பல் எல்லாம் ஒரே தாளத்தில் அதிரும். கரண்ட் போனால் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கும். அன்றைக்கும் அடங்கியது. என் இடது கெண்டைக்கால் மட்டும் அடங்கவில்லை.

தோலுக்கு அடியில் ஒரு சின்ன மீன் புரண்டு படுப்பது போல இருந்தது. வேட்டியை விலக்கிப் பார்த்தேன். சதை தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. வலி இல்லை. நான் துள்ளச் சொல்லவும் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் என் உடம்பின் ஒரு பாகம் என்னைக் கேட்காமல் முடிவெடுத்தது அதுவே முதல் தடவை. தொந்தியைச் சொல்லலாம்; ஆனால் அது என்னைக் கேட்டுத்தான் வளர்ந்தது.

தறிக்காரர்கள் டீக்குப் போய்விட்டார்கள். நான் செய்திருக்கக்கூடாத ஒன்றைச் செய்தேன். போனை எடுத்துத் தேடினேன். தேடல் முதலில் நல்லவன் போலப் பேசியது: களைப்பு, காப்பி, தூக்கக் குறைவு. கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். தசைகள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்து, கடைசியில் மூச்சும் வேலைநிறுத்தம் செய்யும் ஒரு நோய் இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வலது காலும் ஆரம்பித்துவிடும். அந்த நோயிலும் தசை துடிக்குமாம். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. கரண்ட் திரும்ப வந்து தறிகள் ஓட ஆரம்பித்தபோது, என் கணக்கில் நான் பாதி செத்திருந்தேன்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். அவர் எங்கள் துணி வாங்குகிறவர். என் காலைப் பார்ப்பதற்கு முன்னால் என் துணியைப் பற்றிப் பேசினார்.

"போன தடவை வந்த ரோல் என்ன அண்ணாச்சி, சல்லடை மாதிரி இருக்கு? ஒரு கட்டுப் போட ரெண்டு ரோல் ஆகுது."

"சார், கால் துடிக்குது."

"துடிக்கட்டும். ரோலுக்கு என்ன சொல்றீங்க?"

மாற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் சுத்தியலை எடுத்தார். முழங்காலில் தட்டினார். உள்ளங்காலில் சாவியால் கோடு போட்டார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு எழுந்து நடக்கச் சொன்னார். முதலில் நுனிக்காலில், பிறகு குதிகாலில். கடைசியாக, ஒரு காலின் விரல் நுனியோடு அடுத்த காலின் குதிகாலை ஒட்டி வைத்து, கயிற்றின் மேல் நடப்பது போல நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நடந்தேன்.

"ஒண்ணும் இல்ல. துடிப்பு மட்டும் இருந்தா பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்ல. பலம் குறையுத மாதிரி தெரிஞ்சா மட்டும் வாங்க. காப்பியக் குறைங்க."

வேறு யாராவது இருந்தால் "ஒண்ணும் இல்ல" என்பதை வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள். நான் "பெரும்பாலும்" என்பதையும் "பலம் குறையுத மாதிரி" என்பதையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து பலம் குறைகிறதா என்று பார்ப்பதே என் முழுநேர வேலையாகிவிட்டது. பல் தேய்க்கும்போது நுனிக்காலில் நின்றேன். துணிக் கட்டுகளை ஆள் இருக்கும்போதே நானே தூக்கி வைத்து, நேற்றைவிடக் கனமாக இருக்கிறதா என்று யோசித்தேன். ஊறுகாய் பாட்டில் மூடிகளை அவசியமில்லாமல் திறந்து மூடினேன். ஒருநாள் சமையலறை வாசலில் குதிகாலால் நடந்துகொண்டிருந்தபோது மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, தரை என்ன சுடுதா?"

"சும்மா, காலுக்குப் பயிற்சி."

"காலைல நுனிக்கால்ல நின்னீக, இப்ப குதிகால்ல நிக்கீக. நடுவுல உள்ள பாதம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் மகளிடம் சொல்வாள். மகளுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு இருந்த ஒரே கொள்கை.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள். சென்னையில் வேலை. வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்தோம், மாப்பிள்ளைக்கும் சென்னையில்தான் வேலை. கல்யாணமாகி நான்காவது வருடம் நடக்கிறது. எங்கள் பக்கத்தில் கல்யாணமான மூன்றாவது மாதத்திலிருந்தே "விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பஸ்ஸில் கேட்பார்கள், பந்தியில் கேட்பார்கள், துக்க வீட்டில் மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பியதும் கேட்பார்கள். சம்பந்தியம்மா வாரம் தவறாமல் கேட்டார். என் மனைவி நேராகக் கேட்காமல், பேரீச்சம்பழம் சாப்பிடுகிறாயா என்று கேட்பாள். அதுவும் அதே கேள்விதான்.

நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் அவள் மேனேஜரைப் பற்றி, அவள் தெருவில் தண்ணீர் லாரிக்கு நடக்கும் சண்டையைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவோம். ஒருநாள் அவளே சொன்னாள்: "எனக்குப் போன் பண்றவங்கள்ல என் வயித்தப் பத்திப் பேசாத ஒரே ஆளு நீங்கதான்ப்பா." நான் படித்து வாங்கிய பட்டத்தைவிட இது பெரிய பட்டம். அப்படிப்பட்டவளிடம் போய், உன் அப்பாவின் கெண்டைக்கால் துடிக்கிறது, முடிவு நெருங்குகிறது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஒரு ஊரே பாரம் ஏற்றிக்கொண்டிருந்தது.

ஆக, ரகசியமாக நடந்து பார்க்க எனக்கு ஒரு இடம் தேவைப்பட்டது. வீட்டுக்குள் மனைவி. மாடியில் பக்கத்து வீட்டுக்காரர். ஷெட்டில் தறிகளுக்கு நடுவே நேராக நடந்தால் தறிக்காரர்கள் முதலாளி குடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள். சாலையில் அப்படி நடந்தால் நோய்க்கு முன்னால் மினி லாரி முந்திக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சரக்குப் போடப் போவேன். போட்டுவிட்டு மடவார் வளாகத்தில் ஒரு டீ குடிப்பேன். அங்கே வைத்தியநாத சுவாமி கோயில் பிராகாரம் நீளமானது. கல் பாவிய தரை. கல்லும் கல்லும் சேரும் கோடு, டாக்டர் அறை டைல்ஸ் கோட்டைவிட நேராக இருக்கும். ஆண்டாள் கோயில் அளவுக்குக் கூட்டம் வராது. தெரிந்த முகமும் இருக்காது என்று நம்பினேன். சாமியின் பெயரிலேயே வைத்தியர் இருக்கிறார், டோக்கன் வேறு கிடையாது என்று எனக்குள் சிரித்துக்கொண்டதும் உண்மை. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. கோயிலுக்குப் போனாலும் செருப்புக்குக் காவலாக வெளியே நிற்பதுதான் வழக்கம்.

முதல் வெள்ளிக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. கோட்டின் மேல் குதிகாலையும் விரல் நுனியையும் ஒட்டி ஒட்டி வைத்து ஒரு சுற்று முடித்தேன். தடுமாறவில்லை. எனக்கு வந்த நிம்மதி டீக்கடை வரைக்கும் தாங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். பாதிச் சுற்றில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணாச்சி, கையைக் கூப்பிக்கிட்டுல்ல நடக்கணும்? இப்படி வீசிக்கிட்டு நடந்தா எப்படி?"

திரும்பினேன். என்னைவிட மூத்த ஒரு அம்மா. அவரும் என்னைப் போலவே அடியோடு அடி ஒட்டி வைத்து நடந்துகொண்டிருந்தார். ஒரே வித்தியாசம், அவர் கும்பிட்ட கையோடு உதடு அசைய நடந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் என்னைச் செய்யச் சொன்னது அடிப்பிரதட்சணம்! வேண்டுதல் வைத்தவர்கள் சாமியை அடி அடியாக அளந்து சுற்றி வருவார்களே, அச்சு அசல் அதுவே.

"இல்லம்மா, நான் சும்மா..."

"சும்மா யாரு அடி அளப்பா? அது சரி, நீக ராஜபாளையத்துல பேண்டேஜு தறி போட்டிருக்கவுகதான? வத்திராயிருப்புல பொண்ணு குடுத்தவுக. எனக்கு அதுக்குப் பக்கத்து ஊரு, சுந்தரபாண்டியம். ஒங்க சம்பந்தியும் நானும் ஒரே பஸ்ஸுலதான் சந்தைக்குப் போவோம்."

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளி என்னை விழுங்கிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக இல்லை.

"மகளுக்காகவா அண்ணாச்சி?"

எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. இல்லை என்றால் வேறு யாருக்கு, எதற்கு என்று கேட்பார். கெண்டைக்காலைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அது அன்று மாலையே பஸ் ஏறிவிடும்.

"ஆமா," என்றேன்.

அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "ஆம்பள ஒருத்தரு மகளுக்காக அடி வச்சு இப்பத்தான் பாக்கேன். இந்தச் சாமி கைவிடாது," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் போனார். நான் மீதிச் சுற்றைக் கையைக் கூப்பிக்கொண்டு முடித்தேன். வேறு வழி இல்லை. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கூப்பினால் நிலை தடுமாறுகிறது என்பதையும் அன்று கண்டுபிடித்து, அதற்கும் தனியாகப் பயந்தேன்.

அந்தக் கோயிலில் பெண்கள் எதற்காக வேண்டிக்கொள்வார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்குத் தாய் வந்து சேர முடியாதபோது சாமியே தாயாக வந்து பிரசவம் பார்த்தது என்பது அந்த ஊரில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. நான் அங்கே தரையில் இருந்த கோட்டை மட்டும் பார்த்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனைவியின் போன் அடித்தது. அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். சம்பந்தியம்மா.

"மதினி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நாங்க என்ன அன்னியமா?"

"என்ன மதினி சொல்லுதீக?"

"அண்ணன் மடவார் வளாகத்துல அடி வச்சுச் சுத்துதாகளாம்ல! சுகப்பிரசவத்துக்குன்னு சொன்னாக. எத்தன மாசம்? அந்தக் கழுத நேத்துக்கூட எங்கிட்டப் பேசுனா, மூச்சு விடலயே!"

சுந்தரபாண்டியத்திலிருந்து வத்திராயிருப்பு போவதற்குள் என் மகளுக்குப் பிள்ளை உண்டாகிவிட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். என் வாயில் அவரைக்காய் இருந்தது. அந்த நேரத்தில் கால் துடித்ததா என்று தெரியாது. மற்ற எல்லாம் துடித்தன.

ஏதோ சொல்லிப் போனை வைத்தாள். "கோயிலுக்கா போனீக? கல்யாணத்தன்னைக்கே சாமி கும்பிடாம பந்திக்குப் போன ஆளு நீக."

"நடந்தேன்."

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா? அடி அளந்தா? எடம் வாங்கப் போறீகளா அங்க?"

கால் மணி நேரமாகியும் நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. மகள். திங்கட்கிழமை மத்தியானம் அவள் கூப்பிடுவதே கிடையாது.

"நீங்களுமாப்பா?"

"அது அப்படி இல்லம்மா."

"அத்தை போன் பண்ணி எத்தன மாசம்னு கேக்காங்க. இல்லன்னா நம்ப மாட்டேங்காங்க. அப்பாவே கோயில் சுத்துறாருங்காங்க. நான் ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு பேசிக்கிட்டிருக்கேன். யாரு என்ன கேட்டாலும், எங்க அப்பா கேக்க மாட்டாருன்னு இருந்தேன். நீங்க கேக்காம நேரா சாமிகிட்டப் போயிட்டீங்க."

"நான் உனக்காகப் போகலம்மா."

"பின்ன யாருக்காக?"

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். "வாக்கிங் போனேன்," என்றேன்.

"குதிகாலையும் விரலையும் ஒட்டி வச்சா?"

போனை வைத்துவிட்டாள். அழுகிற சத்தம் வெளியே வருவதற்கு முன்னால் வைக்க வேண்டும் என்று வைத்தது எனக்குத் தெரிந்தது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாற்பது, தேடல், டாக்டர், பெரும்பாலும், கோடு, அந்த அம்மா. அவள் குறுக்கே பேசாமல் கேட்டது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. முடிந்ததும் தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்க?"

கால் அசையவில்லை. வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டு போனதும் சத்தம் நின்றுவிடுமே, அப்படி நின்றுவிட்டது. செத்த நேரம் இருவரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு துள்ளியது. அவள் விரலை வைத்தாள்.

"ஆமா. அவ என் வயித்துல இருந்தப்ப இப்படித்தான் உதைப்பா." விரலை எடுக்காமல் சொன்னாள்: "அந்த வத்திராயிருப்புக்காரி நாலு வருசமாக் கேட்டுக்கிட்டிருக்கது உங்க கால்லதான் இருக்கு போல."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒத்தையில வச்சுக்கிட்டு அலைஞ்சீகளா?" என்று என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அந்த இடம் துடித்தது. அதற்குக் காரணம் தெரிந்திருந்ததால் நான் பயப்படவில்லை. "அவகிட்டச் சொல்லுங்க."

"பயப்படுவா."

"இப்ப அழுதாளே, அது தேவலயா?"

மகள் போனை எடுக்கவில்லை. செவ்வாய் எடுக்கவில்லை, புதன் எடுக்கவில்லை. வாட்ஸப்பில் எழுதி எழுதி அழித்தேன். நோயைப் பெரிதாக எழுதினால் அனுதாபம் தேடுவது போல இருந்தது. சின்னதாக எழுதினால், இதற்காகவா என்னை இப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்பது போல இருந்தது. இதற்கிடையில் துடிப்பு தோளுக்குப் போனது, கட்டைவிரலுக்குப் போனது. ஆனால் நுனிக்காலில் நின்று பார்க்க இரண்டு நாளாக மறந்திருந்தேன் என்பது வியாழக்கிழமை பல் தேய்க்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. நின்று பார்த்தேன். நிற்க முடிந்தது. அதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

அன்று எழுதி அனுப்பினேன்: "நான் உனக்காக நடக்கவில்லை அம்மா. போனில் தேடிப் படித்துவிட்டு, எனக்கு ஒரு பெரிய வியாதி இருக்கிறதோ என்று பயந்து, அது இல்லை என்று பார்க்க நடந்தேன். கெண்டைக்கால் துடிக்கிறது. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். நான் நம்பவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு நீ என்ன வேண்டுமானாலும் திட்டு."

இரண்டு டிக்கும் நீலமாயின. 

சனிக்கிழமை காலை ஷெட்டில் இருந்தேன். எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் முதுகுப் பையோடு யாரோ நின்று வாயை அசைப்பது தெரிந்தது. சென்னை ரயில் வந்த நேரம். மகள் ஏதோ கத்தினாள். கேட்கவில்லை. காதில் கை வைத்துக் காட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். ஐந்து வயதிலிருந்து அதைத் தொடக்கூடாது என்று நான் சொல்லி வளர்த்த சுவிட்ச்.

எல்லாம் நின்றது. தறிக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

"எந்தக் காலு?" என்றாள்.

காட்டினேன். முதுகுப் பையைக் கழற்றாமலே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். கால், எதிர்பார்த்தபடி, ஒன்றும் தெரியாத பிள்ளை போல இருந்தது.

"நடங்க."

"இங்கயா?"

"கோயில்ல நடந்தீங்கல்ல? நடங்க."

தறிகளுக்கு நடுவில், பஞ்சுத் தூசி படிந்த தரையில், குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தேன். தறிக்காரர் ஒருவர் பாதியில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகள் என் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான நடக்கீங்க," என்றாள். முதுகுப் பையை அப்போதுதான் கழற்றினாள். "அத்தைகிட்ட நான் சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல, எங்கப்பாவுக்குத்தான் உள்ள ஏதோ அசையுதாம்னு. பதிலே வரல."

 "உன்கிட்டச் சொன்னா நீ பயப்படுவியேன்னு சொல்லலம்மா," என்றேன்.

"தெரியும். எனக்கு நாலு மாசமா இந்தக் கண்ணு துடிக்குது. நானும் தேடிப் பாத்தேன், நீங்க படிச்ச அதே பக்கந்தான். நீங்க பயப்படுவீங்கன்னு நானும் சொல்லல."

அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இடது கண் இமைக்கு அருகில் என் கண்ணைக் கொண்டு போனேன். அது அசையாமல் இருந்தது.

"பாக்காதீங்கப்பா," என்றாள். "பாத்தா நின்னுரும்."